எழுத்து தெரியாத ஊரில் ஆறு நாள்

(மும்பை தாராவியில் ஒரு கற்போர் வட்டத்தில் பேசியது)



"ஜப்பானுக்குப் போய் வந்தீர்களே, என்ன பார்த்தீர்கள்? எங்கள் வட்டத்துக்கு வந்து சொல்லுங்கள்" என்று உங்கள் பொறுப்பாளர் கேட்டார். சொல்கிறேன். நடுவில் சந்தேகம் வந்தால் கையைத் தூக்குங்கள்.

நான் நர்ஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். என் வீட்டுக்காரர் ரயில்வேயில் சிக்னல் பிரிவில் 32 வருடம் வேலை பார்த்தார். ரயில் என்றால் அவருக்கு உயிர். "உலகத்திலேயே அதிகக் கூட்டம் ஏறி இறங்கும் ஸ்டேஷன் டோக்கியோவில் இருக்கிறது. அதை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும்" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். மகளுக்குக் கல்யாணம் முடிந்தது. கடன் அடைந்தது. ஐந்து வருடம் சீட்டுக் கட்டினோம். சீட்டுப் பணத்தை எடுத்து, விசா வாங்கி, 2023 நவம்பரில் இருவரும் கிளம்பினோம்.

பெட்டி எடுத்துப் போகவில்லை. ஆளுக்கு ஒரு முதுகுப்பை. அவ்வளவுதான். அங்கே கூலிக்குச் சுமை தூக்க ஆள் கிடைக்காது. ஸ்டேஷன்களில் படி ஏறி இறங்கியே கால் ஓய்ந்துவிடும். பெட்டியை இழுத்துக்கொண்டு ஊர் சுற்ற முடியாது. பையில் மூன்று ஜோடி உடுப்பு, ஒரு ஸ்வெட்டர், மாத்திரை, அவல், பருப்புப் பொடி, ஒரு நோட்டு, ஒரு பேனா. ஆளுக்கு ஏழு கிலோ இருக்கும். "இந்த வயதில் காலேஜ் பிள்ளைகள் மாதிரி பை மாட்டிக்கொண்டு போகிறீர்களே" என்று மகள் சிரித்தாள்.

இந்த ஆறு நாளில் பார்த்த இடங்கள் நிறைய. எல்லாவற்றையும் சொல்லப் போவதில்லை. எழுத்தே தெரியாத ஓர் ஊரில் இரண்டு பேர் எப்படி வழி கண்டுபிடித்தோம், எப்படிச் சாப்பிட்டோம், எப்படிக் குளித்தோம் என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

முதலில் ஊரைப் பற்றிக் கொஞ்சம். டோக்கியோவுக்குப் பழைய பெயர் எதோ. 1868இல்தான் டோக்கியோ என்று பெயர் மாற்றினார்கள். 'கிழக்குத் தலைநகரம்' என்று பொருள். இன்று அங்கே சுமார் 1 கோடியே 40 லட்சம் பேர் இருக்கிறார்கள். இந்த ஊர் இரண்டு தடவை அழிந்து எழுந்தது. 1923 செப்டம்பர் 1ஆம் தேதி பெரிய பூகம்பம் வந்தது. மதியச் சமையல் நேரம். அடுப்புத் தீ பரவி ஊரே எரிந்தது. டோக்கியோவிலும் சுற்று ஊர்களிலும் 1 லட்சம் பேருக்கு மேல் செத்தார்கள். பிறகு 1945 மார்ச் மாதம், போரின்போது, அமெரிக்க விமானங்கள் ஒரே இரவில் தீக்குண்டு போட்டன. அன்றும் ஏறக்குறைய 1 லட்சம் பேர் செத்தார்கள். ஆகவே அந்த ஊரில் பழைய கட்டிடம் குறைவு.

இப்போது எழுத்துக்கு வருவோம். ஜப்பானியர்களிடம் மூன்று வகை எழுத்து இருக்கிறது. முதலாவது ஹிரகானா. அதில் 46 எழுத்து. இரண்டாவது கதகானா. அதிலும் 46. வெளிநாட்டுச் சொற்களை இந்தக் கதகானாவில் எழுதுவார்கள். மூன்றாவது கான்ஜி. நம் கஞ்சி அல்ல! சீனாவிலிருந்து வந்த எழுத்து. ஒரு எழுத்துக்கு ஒரு பொருள் உண்டு. செய்தித்தாள் படிக்க 2136 கான்ஜி எழுத்து தெரிந்திருக்க வேண்டும் என்று அரசு பட்டியல் போட்டிருக்கிறது. ஆரம்பப் பள்ளியின் ஆறு வருடத்தில் மட்டும் பிள்ளைகள் 1026 எழுத்து படிக்கிறார்கள். மூன்று வகையையும் ஒரே வரியில் கலந்து எழுதுவார்கள். நினைத்துப் பாருங்கள்!

நான் தமிழ் படிப்பேன். இங்கிலீஷ் படிப்பேன். இந்தி, மராத்தி போர்டு படிப்பேன். ஆனால் விமான நிலையத்தை விட்டு வெளியே வந்து ஒரு கடைத் தெருவில் நின்றபோது, எந்தப் போர்டும் எனக்கு எதுவும் சொல்லவில்லை. அது மருந்துக் கடையா, சாராயக் கடையா என்று கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். எங்கள் ஆஸ்பத்திரியில் எத்தனையோ பேர் சீட்டை நீட்டி, "சிஸ்டர், இது எந்த ரூம்?" என்று கேட்டிருக்கிறார்கள். டோக்கியோவில் நான் சீட்டை நீட்டிக்கொண்டு நின்றேன்.

எங்கள் விடுதி அசாகுசா என்ற இடத்தில் இருந்தது. பெரிய ஓட்டல் அல்ல. பை மாட்டி வருகிறவர்கள் தங்கும் விடுதி. ஒரு அறையில் எட்டுக் கட்டில். ரயில் பெர்த் மாதிரி மேலே ஒன்று, கீழே ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு திரை, ஒரு விளக்கு. ஒரு கட்டிலுக்கு ஒரு இரவுக்குச் சுமார் 3000 யென். அப்போது 100 யென் என்றால் ஏறக்குறைய 55 ரூபாய். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட வேண்டும். உள்ளே நடக்க ஒரு செருப்பு. கழிப்பறைக்கு வேறு செருப்பு. இவர் மேல் பெர்த்தில் ஏறிப் படுத்துக்கொண்டு, "வண்டி எப்பம்மா கிளம்பும்?" என்று கேட்டார்.

வரவேற்பு மேசையில் ஒரு சின்னப் பெண் இருந்தாள். எங்களுக்கு ரயில் படம் ஒன்றைக் கொடுத்து, அதில் இரண்டு இடத்தில் வட்டம் போட்டாள். வட்டத்துக்குள் ஸ்டேஷன் பெயரை எழுதவில்லை. எண்ணை எழுதினாள். அசாகுசா, ஜி 19. உவேனோ, ஜி 16.

அங்கேதான் எனக்கு முதல் கதவு திறந்தது. டோக்கியோவில் 13 சுரங்க ரயில் பாதை ஓடுகிறது. ஒவ்வொரு பாதைக்கும் ஒரு நிறம், ஒரு இங்கிலீஷ் எழுத்து. ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் ஒரு எண். அசாகுசாவில் முடியும் பாதைக்கு கின்சா பாதை என்று பெயர். ஆரஞ்சு நிறம். எழுத்து ஜி. முதல் ஸ்டேஷன் 1, கடைசி ஸ்டேஷன் 19. எண் குறைந்துகொண்டே போனால் ஊருக்குள் போகிறோம். எண் ஏறிக்கொண்டே வந்தால் விடுதிக்குத் திரும்புகிறோம். பெயர் தெரிய வேண்டாம். எண்ணத் தெரிந்தால் போதும். சுரங்க ரயிலில் இந்த எண் முறை 2004இல் வந்தது. அதற்கு முன்பு வந்த வெளியூர்க்காரர்கள் என்ன பாடுபட்டார்களோ!

கின்சா பாதைக்கு இன்னொரு பெருமை உண்டு. ஆசியாவிலேயே முதல் சுரங்க ரயில் பாதை அதுதான். 1927 டிசம்பர் கடைசியில், உவேனோவுக்கும் அசாகுசாவுக்கும் நடுவே 2.2 கிலோமீட்டர் தூரம் ஓட ஆரம்பித்தது. இவர் அந்தச் சுவரைத் தொட்டுப் பார்த்தார். 72 மணி நேரச் சீட்டு ஒன்று வாங்கினோம். ஆளுக்கு 1500 யென். மூன்று நாள் எத்தனை தடவை வேண்டுமானாலும் ஏறலாம், இறங்கலாம்.

எண் மட்டும் அல்ல, படமும் உண்டு. 1964இல் டோக்கியோவில் ஒலிம்பிக் விளையாட்டு நடந்தது. உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். யாருக்கும் ஜப்பானிய எழுத்து தெரியாது. என்ன செய்வது? உட்கார்ந்து படம் வரைந்தார்கள். கழிப்பறைக்கு ஒரு படம், போனுக்கு ஒரு படம், முதலுதவிக்கு ஒரு படம். ஒவ்வொரு விளையாட்டுக்கும் ஒரு படம். அதே வழியில் வந்ததுதான் சினிமாக் கொட்டகைக் கதவுக்கு மேலே பச்சை விளக்கில் ஒரு ஆள் ஓடுகிற படம். நம் ஊரிலும் பார்த்திருப்பீர்கள். அதை வரைந்ததும் ஒரு ஜப்பானியர்தான்.

காலால் படிக்கிற எழுத்தும் அங்கே இருக்கிறது. பிளாட்பாரத்தில், நடைபாதையில் மஞ்சள் ஓடு பதித்திருப்பார்கள். நீளக் கோடு இருந்தால் நடக்கலாம். புள்ளி புள்ளியாக இருந்தால் நில், முன்னால் படியோ தண்டவாளமோ இருக்கிறது. பார்வை இல்லாதவர்களுக்கு அது. செய்இச்சி மியாகே என்பவர் 1965இல் இதைக் கண்டுபிடித்தார். 1967இல் ஒகயாமா என்ற ஊரில், பார்வை இல்லாதவர்கள் படிக்கும் பள்ளிக்குப் பக்கத்தில் முதலில் பதித்தார்கள். இன்று நம் மெட்ரோ ஸ்டேஷன்களிலும் இருக்கிறது. நாம் அதன்மேல் பையை வைத்துவிட்டு நிற்கிறோம். தயவுசெய்து வைக்காதீர்கள்.

இனி, இவர் பார்க்க ஆசைப்பட்ட ஸ்டேஷனுக்குப் போவோம். அதன் பெயர் ஷின்ஜுகு. 2018 கணக்கின்படி ஒரு நாளைக்கு 35 லட்சம் பேருக்கு மேல் அங்கே ஏறி இறங்கினார்கள். நீங்கள் எல்லாம் தாதரில் வண்டி மாறுகிறவர்கள். கூட்டம் உங்களுக்குப் புதிது அல்ல. ஆனால் அங்கே கூட்டத்துக்குச் சத்தம் இல்லை. ஆயிரக்கணக்கான காலடிச் சத்தம் மட்டும் கேட்கும். யாரும் யாரோடும் பேசுவது இல்லை. வண்டிக்குள் போனில்கூடப் பேசக் கூடாது. எனக்கு அது கொஞ்சம் பயமாகவே இருந்தது. நம் லோக்கல் வண்டியில் காய் நறுக்கிக்கொண்டு, பாட்டுப் பாடிக்கொண்டு போகிற பெண்களை நினைத்துக்கொண்டேன்.

இவர் கூட்டத்தைப் பார்க்கவில்லை. ரயில் ஓட்டுகிறவரையே பார்த்தார். அங்கே ஓட்டுநர் வெள்ளைக் கையுறை போட்டிருப்பார். சிக்னல் வந்தால் விரலை நீட்டிக் காட்டி, வாய் திறந்து சொல்வார். தனியாகத்தான் இருப்பார், ஆனாலும் சொல்வார். வேகமானியைக் காட்டிச் சொல்வார். கடிகாரத்தைக் காட்டிச் சொல்வார். கண் பார்த்ததை விரலும் வாயும் உறுதி செய்ய வேண்டும். அப்போதுதான் தூக்கத்திலும் தவறு வராது. "நம் ஓட்டுநர்களும் சிக்னலைச் சத்தமாகச் சொல்வார்கள். ஆனால் இந்த ஆள் தனக்குத்தானே சொல்கிறான் பார்" என்று இவர் மெய்மறந்து நின்றார்.

மூன்றாம் நாள் காலை. ஷின்ஜுகுவிலிருந்து ஷிபுயா போக வேண்டும். அதற்கு யமனோதே என்ற வண்டி. ஊரைச் சுற்றி வட்டமாக ஓடும். பச்சை நிறம். 30 ஸ்டேஷன். ஒரு சுற்றுச் சுற்றச் சுமார் ஒரு மணி நேரம். வண்டி வந்தது. இவர் முன்னால் ஏறினார். எனக்கும் அவருக்கும் நடுவில் நாலைந்து பேர் புகுந்தார்கள். மணி அடித்தது. கதவு மூடிவிட்டது. இவர் உள்ளே. நான் வெளியே.

போன் அவர் பையில். விடுதி முகவரிச் சீட்டும் அவர் பையில். அந்த ஸ்டேஷனில் வெளியே போக 200 வழிக்கு மேல் இருக்கிறது. இங்கிலீஷில் கேட்டால் பதில் சொல்ல எல்லோராலும் முடியாது. என் நெஞ்சு அடித்துக்கொண்டது. நாற்பது வருடம் அவசரப் பிரிவிலும் வார்டிலும் நின்றவள் நான். அன்று கை நடுங்கியது.

ஆனால் கிளம்புவதற்கு முன்பே வீட்டில் ஒரு ஒப்பந்தம் செய்திருந்தோம். ரயில்காரர் போட்ட சட்டம் அது. பிரிந்துவிட்டால், வண்டிக்குள் இருப்பவர் அடுத்த ஸ்டேஷனில் இறங்கி அங்கேயே நிற்க வேண்டும். வெளியே இருப்பவர் அடுத்த வண்டியில் அங்கே வர வேண்டும். உள்ளே இருப்பவர் திரும்பி வரவே கூடாது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் தேடி ஓடினால் சந்திக்கவே முடியாது.

நான் தூணில் இருந்த போர்டைப் பார்த்தேன். நடுவில் ஒரு சதுரம். அதில் ஜே ஒய் 17 என்று இருந்தது. அம்புக்குறி போட்டு, அடுத்தது 18. சரி, 18இல் இறங்க வேண்டும். பிறகு கீழே பார்த்தேன். பிளாட்பாரத் தடுப்புக் கதவில் இரண்டு எண் எழுதியிருந்தது. 6, 3. ஆறாவது பெட்டி, மூன்றாவது கதவு. நகராமல் அதே கதவில் நின்றேன். நான்கு நிமிடத்தில் அடுத்த பச்சை வண்டி வந்தது. ஏறினேன். 18இல் கதவு திறந்தது.

கதவுக்கு நேர் எதிரே இவர் நிற்கிறார். வலது கை விரலை நீட்டி, கீழே எழுதியிருந்த எண்ணைக் காட்டி, "ஆறு, மூன்று, சரி!" என்று சத்தமாகச் சொன்னார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. "என்னங்க இது, ஊரே பார்க்கிறது" என்றேன். ஊர் பார்க்கவில்லை. அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. அன்று முதல் முகவரிச் சீட்டை இரண்டு பேர் பையிலும் வைத்துக்கொண்டோம்.

ஷிபுயா ஸ்டேஷனுக்கு வெளியே ஒரு நாய்ச் சிலை இருக்கிறது. பெயர் ஹச்சிகோ. அதன் எஜமானர் விவசாயப் பேராசிரியர். 1925இல் வேலைக்குப் போன இடத்தில் இறந்துபோனார். நாய் அவருக்காக ஸ்டேஷன் வாசலில் ஏறக்குறைய பத்து வருடம் காத்திருந்தது. 1935இல் இறந்தது. இன்றும் ஒருவரை ஒருவர் சந்திக்க வேண்டுமென்றால் "ஹச்சிகோ பக்கத்தில் நில்" என்கிறார்கள். அன்றைக்கு அந்தச் சிலையின் முன் நான் கொஞ்சம் அதிக நேரமே நின்றேன்.

அன்று இரவே நோட்டை எடுத்தேன். எண்ணும் நிறமும் மட்டும் போதாது, சில எழுத்தாவது கற்க வேண்டும் என்று தோன்றியது. மேசைப் பெண்ணிடம் கேட்டேன். அவள் பத்து எழுத்து எழுதிக் கொடுத்தாள். மூன்று நெட்டுக் கோடு போட்டால் ஆறு. நடுக்கோடு உயர்ந்து, கீழே ஒரு கோடு சேர்ந்தால் மலை. ஒரு மரம் போட்டால் மரம். இரண்டு மரம் போட்டால் தோப்பு. மூன்று மரம் போட்டால் காடு! எனக்குக் கைதட்ட வேண்டும் போல இருந்தது. வெற்றுச் சதுரம் போட்டால் வாய். வாசலுக்கும் அதே சதுரம்தான். இரண்டு மலையை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கியது போல ஒரு எழுத்து, பக்கத்தில் அந்தச் சதுரம். அப்படி இருந்தால் 'வெளியே போகும் வழி'. மறுநாள் காலை ஸ்டேஷனில் மஞ்சள் போர்டில் அதைப் பார்த்தேன். நானே படித்தேன். யாரையும் கேட்கவில்லை.

சாப்பாட்டுக்கும் எழுத்து உதவியது. நான் மீன் சாப்பிடுவேன். இவர் சாப்பிடமாட்டார். ஜப்பானில் மீன் சாறு இல்லாத குழம்பைக் கண்டுபிடிப்பது கஷ்டம். பல ஓட்டல் வாசலில் கண்ணாடிக்குள் பிளாஸ்டிக்கில் செய்த சாப்பாடு வைத்திருப்பார்கள். அசல் போலவே இருக்கும். விரலால் காட்டினால் போதும். ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று பிளாஸ்டிக் சொல்லாது.

அதனால் இவருக்குத் தெருமுனைக் கடைச் சோற்று உருண்டைதான். முக்கோணமாகப் பிடித்து, கடல்பாசித் தாள் சுற்றி விற்பார்கள். நடுவில் ஏதாவது வைத்திருப்பார்கள். உறைமேல் பெயர் இருக்கும். நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். சால்மன் மீன் எழுத்தைப் பாருங்கள். இடது பக்கம் 'மீன்' என்ற குறி நிற்கும். உமே என்று ஒரு புளிப்புப் பழம் இருக்கிறது. அதன் எழுத்தில் இடது பக்கம் 'மரம்' நிற்கும். மரம் நின்றால் எடு. மீன் நின்றால் வை. உமேயை உப்பில் ஊறப்போட்டு வைப்பார்கள். மிளகாய் போடாத எலுமிச்சை ஊறுகாய் மாதிரி இருக்கும். அதிலும் சில கம்பெனி மீன் சாறு சேர்ப்பதுண்டு. அதனால் உறையின் பின்பக்கத்தை மேசைப் பெண்ணிடம் காட்டிக் கேட்டுக்கொள்வோம். அவள் தலையாட்டிய உருண்டையை இவர் ஆறு நாளும் சாப்பிட்டார். பருப்புப் பொடியைத் தொட்டுக்கொண்டார். சாப்பிட்ட உறையைப் போடக் குப்பைத் தொட்டி கிடைக்காது. 1995இல் சுரங்க ரயிலில் சிலர் விஷவாயு விட்டுப் பலரைக் கொன்றார்கள். அதன் பிறகு பல இடங்களில் தொட்டிகளை எடுத்துவிட்டார்கள். மக்கள் குப்பையைப் பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். நாங்களும் அப்படியே செய்தோம்.

எழுத்து தெரியாவிட்டால் மானம் போகும் இடம் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் விடமாட்டேன். பொதுக் குளியல் கூடம்! முன்பு வீடுகளில் குளியலறை இல்லாததால் தெருவுக்குத் தெரு இது இருந்தது. இப்போது குறைந்துவிட்டது. 2023இல் டோக்கியோவில் பெரியவர்களுக்கு 520 யென். ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம். உள்ளே உடம்பில் ஒரு துணியும் இருக்கக் கூடாது. வாசலில் இரண்டு துணித் திரை தொங்கும். ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு எழுத்து. படம் இல்லை. எண் இல்லை. இங்கிலீஷ் இல்லை. ஆண்களுக்கு நீலத் திரை, பெண்களுக்குச் சிவப்புத் திரை என்பார்கள். எல்லா இடத்திலும் அப்படி இருக்காது. நாங்கள் போன இடத்தில் இரண்டு திரையும் ஒரே நிறம்.

முந்தின நாளே இவரை உட்கார வைத்து எழுதப் பழக்கினேன். மேலே நான்கு கட்டம் போட்ட வயல். கீழே வலிமை என்ற எழுத்து. வயலில் பாடுபடுகிற வலிமை. அதுதான் ஆண். பத்துத் தடவை எழுத வைத்தேன். "வயலில் நாற்று நடுவது யார்? பெண்கள்தானே" என்று நான் சொன்னேன். அதைச் சீனர்களிடம் போய்த்தான் கேட்க வேண்டும்! பெண் என்ற எழுத்து கால் மடக்கி உட்கார்ந்த ஆள் மாதிரி இருக்கும். இவர் திரைக்கு முன்னால் நின்று, விரலை நீட்டி, "வயல், வலிமை, சரி" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

நான் என் பக்கம் போனேன். கூச்சமாகத்தான் இருந்தது. ஒரு பாட்டி, எழுபது எண்பது வயது இருக்கும், ஒரு சின்ன முக்காலியை என் பக்கம் தள்ளினார். உட்கார்ந்து சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிக்கொண்டு, அதன் பிறகுதான் தொட்டியில் இறங்க வேண்டும் என்று கையால் காட்டினார். தண்ணீர் நல்ல சூடு. சுவரில் ஃபுஜி மலையின் படம் பெரிதாக வரைந்திருந்தது. பாட்டி என்னிடம் ஏதோ கேட்டார். "இந்தியா" என்றேன். அவர் கன்னத்தில் கை வைத்து ஆச்சரியப்பட்டார். ஆறு நாளில் யாரோ ஒருவர் என்னோடு நெருங்கிப் பேசியது அங்கேதான். கடைகளில் ஆட்கள் தனித்தனியாக உட்கார்ந்து, தனித்தனியாகச் சாப்பிட்டு எழுந்து போவார்கள். அந்த வெந்நீர்த் தொட்டியில் மட்டும் வாய் திறக்கிறார்கள்.

விடுதிக்குப் பக்கத்தில் சென்சோஜி என்ற புத்தர் கோயில். டோக்கியோவிலேயே பழைய கோயில். கி.பி. 628இல் இரண்டு மீனவச் சகோதரர்கள் ஆற்றில் வலை போட்டபோது கன்னோன் சிலை கிடைத்தது என்று கதை சொல்கிறார்கள். கன்னோன் நம் நாட்டிலிருந்து போன அவலோகிதேசுவரர்தான். 1945 குண்டுவீச்சில் கோயில் எரிந்தது. 1958இல் மறுபடி கட்டினார்கள். வாசலில் சிவப்பு விளக்குக் கூடு ஒன்று தொங்குகிறது. உயரம் 3.9 மீட்டர். எடை 700 கிலோ. உள்ளே 100 யென் போட்டு, ஒரு உலோகப் பெட்டியைக் குலுக்கினால் ஒரு குச்சி விழும். குச்சியில் எண் இருக்கும். அதே எண் போட்ட இழுப்பறையைத் திறந்து, பலன் சீட்டு எடுக்க வேண்டும். ஆனால் எண்ணும் கான்ஜியில்! பயப்படாதீர்கள். ஒன்று என்றால் ஒரு படுக்கைக் கோடு. இரண்டு என்றால் இரண்டு கோடு. மூன்று என்றால் மூன்று கோடு. பத்து என்றால் கூட்டல் குறி. எனக்கு வந்தது இரண்டு கோடு, கூட்டல் குறி, மூன்று கோடு. எவ்வளவு? சொல்லுங்கள் பார்ப்போம். ஆமாம், 23. பலன் என்னவென்று கேட்காதீர்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

நம் நாட்டுக்காரர் ஒருவர் கதையும் அந்த ஊரில் இருக்கிறது. ராஷ் பிகாரி போஸ். 1912இல் டில்லியில் வைஸ்ராய் மீது குண்டு வீசிய சதியில் வெள்ளைக்காரர்கள் அவரைத் தேடினார்கள். 1915இல், தாகூரின் உறவினர் என்று சொல்லிக்கொண்டு, கப்பலில் ஜப்பான் தப்பிப் போனார். அவரைப் பிடித்துக் கொடுக்கச் சொல்லி நெருக்கடி வந்தது. ஷின்ஜுகுவில் நகமுராயா என்ற ரொட்டிக் கடைக்காரரும் அவர் மனைவியும் அவரை ஒளித்து வைத்தார்கள். பிறகு தங்கள் மகளையே அவருக்குக் கல்யாணம் செய்து கொடுத்தார்கள். 1927இல் அந்தக் கடை நம் ஊர்க் கோழிக் குழம்பைச் சோற்றோடு விற்க ஆரம்பித்தது. போஸ் சொல்லிக் கொடுத்த குழம்பு. இன்றும் விற்கிறார்கள். நான் சாப்பிட்டேன். காரம் போதாது. ஆனாலும் தட்டை வழித்துச் சாப்பிட்டேன்.

ஐந்தாம் நாள் ஷின்ஜுகுவில் நகர அரசின் அலுவலகக் கட்டிடத்தில் 45ஆவது மாடிக்குப் போனோம். உயரம் 202 மீட்டர். காசு வாங்குவதில்லை. வானம் தெளிவாக இருந்தது. தூரத்தில் ஃபுஜி மலை வெள்ளைத் தொப்பி போட்டு நின்றது. 3776 மீட்டர் உயரம். சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. கீழே கண்ணுக்கு எட்டின வரை வீடு, வீடு, வீடு.

கடைசி நாள் உவேனோ போனோம். ஜி 16. பூங்காவில் பெரிய தாமரைக் குளம். நவம்பரில் தாமரை காய்ந்து நின்றது. நடுவில் சின்னத் தீவு. தீவில் ஒரு கோயில். அங்கே இருக்கிற தெய்வத்தின் பெயர் பென்சைதென். கையில் வீணை போன்ற ஒரு வாத்தியத்தோடு அந்தத் தெய்வத்தைக் காட்டுவது உண்டு. தண்ணீருக்கும் இசைக்கும் கல்விக்கும் உரிய தெய்வம். யார் என்று தெரிகிறதா? நம் சரஸ்வதிதான். புத்த மதத்தோடு சீனா வழியாக ஜப்பான் போனவள்.

திரும்பும் வழியில் 100 யென் கடை ஒன்றில் குழந்தைகளுக்கான எழுத்து அட்டை வாங்கினேன். ஹிரகானா அட்டை. விடுதிக்கு வந்து மேசைப் பெண்ணிடம் காட்டினேன். அவள் விரல் வைத்துச் சொல்ல ஆரம்பித்தாள். "அ, இ, உ, எ, ஒ."

நான் அவளையே பார்த்தேன். மறுபடி சொல்லச் சொன்னேன். "அ, இ, உ, எ, ஒ." அடுத்த வரிசை, "க, கி, கு, கெ, கொ." அதற்கு அடுத்தது ச வரிசை. பிறகு த வரிசை. பிறகு ந. பிறகு ஹ. அதன் பிறகு ம, ய, ர, வ. நம் அரிச்சுவடி வரிசைதான் ஏறக்குறைய! ந-வுக்கும் ம-வுக்கும் நடுவில் நமக்கு ப வரும். அவர்களுக்கு ஹ. அந்த ஹ-வும் பழைய காலத்தில் ப என்றுதான் ஒலித்ததாம். காரணம் என்ன தெரியுமா? பல நூறு வருடத்துக்கு முன்பு ஜப்பானியப் புத்த பிக்குகள் வடமொழி எழுத்தைப் படித்தார்கள். ஒலி எங்கே பிறக்கிறது என்று பார்த்து அடுக்கிய இந்திய வரிசை அவர்களுக்குப் பிடித்துப்போனது. தங்கள் எழுத்தையும் அந்த வரிசையில் அடுக்கிக்கொண்டார்கள்.

நான் அவளோடு சேர்ந்து சொன்னேன். அவள் எழுத்தைப் பார்த்துச் சொன்னாள். நான் பார்க்காமலே சொன்னேன். இவர் பையைக் கட்டுவதை விட்டுவிட்டு வந்து சேர்ந்துகொண்டார். மூன்று பேரும் சத்தமாகச் சொல்லி முடித்தோம். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அந்த அட்டை இதோ. கைமாற்றிப் பாருங்கள். கசக்கிவிடாதீர்கள். இடது பக்கத்தில் தொடங்கக் கூடாது. வலது ஓரத்தில், மேலிருந்து கீழே வாருங்கள். முதல் எழுத்து அ. அடுத்தது என்ன? பின்னால் இருக்கிற அக்கா, நீங்கள் சொல்லுங்கள்.